சூடேறாத ஆம்ப்ளிஃபையரும் பழகிய குரலும்

நாகபுரியில் வெயில் பங்குனியிலேயே தலைகாட்டிவிடும். வைகாசி பிறப்பதற்குள் வெப்பமானி 45 பாகையைத் தொடுவது இங்கே புதுமையன்று. அத்தகையதொரு நண்பகலில்தான் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்த பழைய ஆம்ப்ளிஃபையரின் வலப்பக்கம் ஊமையாயிற்று.

அதை வாங்கியவர் அப்பா. 1991ஆம் ஆண்டு மும்பை லாமிங்டன் சாலையில் வாங்கியது. எடை 14 கிலோ. அப்பா வங்கி அலுவலர். ஆதலால் இடமாற்றம் எங்கள் குடும்பத்திற்குப் பழகிப்போன ஒன்று. மும்பையிலிருந்து போபால், அங்கிருந்து விஜயவாடா, பின்னர் நாகபுரி. ஒவ்வொரு முறையும் கட்டிலும் பீரோவும் லாரியில் செல்லும். ஆம்ப்ளிஃபையர் மட்டும் பழைய போர்வையில் சுற்றப்பட்டு, இரயிலில் அப்பாவின் இருக்கைக்கு அடியிலேயே பயணம் செய்யும். 2022இல் அவர் மறைந்த பின்னரும் அம்மா விடியற்காலையில் அதை முடுக்கி, எம். எல். வசந்தகுமாரியையோ பீம்சேன் ஜோஷியையோ ஓர் அரைமணி நேரம் கேட்ட பிறகே அடுப்படிக்குள் நுழைவார். ஆகவே வலப்பக்கம் ஊமையானபோது, மகனும் மருமகளுமாகிய எங்கள் இருவருக்கும் அது ஒரு மின்கருவியின் பழுதாக மட்டும் தோன்றவில்லை.

சீதாபுல்டி கடைத்தெருவில் நாற்பது ஆண்டுகளாக இதே தொழில் செய்துவரும் முதிய மெக்கானிக் ஒருவரிடம் கொண்டு சென்றோம். மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தவர், வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் எரிந்துவிட்டன என்றார். அவ்வகை டிரான்சிஸ்டர்களின் உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. அதே எண்ணை அச்சிட்டுச் சந்தையில் கிடைப்பவற்றுள் பெரும்பாலானவை போலி. பழுதான வேறொரு பெட்டியிலிருந்து எடுத்த இரண்டைப் பொருத்தித் தருவதாகவும், அடுத்த கோடை வரை அவை தாங்குமா என்று உறுதி கூற இயலாது என்றும் சொன்னார். பிறகு மேசையின் மூலையில் கிடந்த ஒரு சிறு பெட்டியைச் சுட்டிக்காட்டினார். பாடநூல் அளவே இருக்கும் அது. அதன் மின்திறன் அப்பாவின் ஆம்ப்ளிஃபையரைப் போல இரு மடங்காம். இனி இவைதாம் என்றார் அவர்.

டி வகுப்பு ஆம்ப்ளிஃபையர் என்று வழங்கப்படுவது இதுவே. இதன் ஒலி வறண்டது, உயிரற்றது, காதைக் குத்துவது என்று இசை ஆர்வலர்கள் நெடுங்காலமாகக் குறைகூறி வந்திருக்கிறார்கள். அந்தக் குறை இன்றும் பொருந்துமா என்பதை அறிய எங்களுக்கு ஏறத்தாழ நான்கு மாதங்கள் ஆயின. அதற்குள் ஒருமுறை பணத்தையும் வீணாக்கினோம்.

விசிறி ரெகுலேட்டரிலிருந்து தொடங்குவோம்

பழைய வீடுகளில் மின்விசிறிக்கு அருகே ஒரு பெரிய ரெகுலேட்டர் பெட்டி இருந்தது வாசகர்கள் பலருக்கும் நினைவிருக்கும். விசிறியை மெதுவாகச் சுழலவிட்டால் அந்தப் பெட்டி சுடும். விசிறிக்கு வேண்டாத மின்சாரத்தை அது தன்னுள் இருந்த தடைக்கம்பியில் வெப்பமாக மாற்றி வெளியேற்றியது. விசிறி மெதுவாக ஓடியபோதும் மின்கட்டணம் குறையாமல் இருந்ததற்கு அதுவே காரணம்.

மரபான ஆம்ப்ளிஃபையரில் உள்ள டிரான்சிஸ்டர்கள் செய்யும் வேலையும் ஏறக்குறைய அதுதான். பாதி திறந்த குழாயைப்போல நின்று, ஸ்பீக்கருக்குத் தேவையான அளவை மட்டும் செல்லவிட்டு, எஞ்சியதைத் தம்மேல் வெப்பமாகத் தாங்கிக்கொள்கின்றன. ஏ வகுப்பு, பி வகுப்பு, இரண்டையும் கலந்த ஏபி வகுப்பு எனப்படுபவை இந்த முறையின் வேறுபாடுகள். பி வகுப்பின் பயனுறுதிறன் கோட்பாட்டளவில்கூட 78.5 விழுக்காட்டைத் தாண்டாது. அதுவும் முழு ஒலியில்தான். வீட்டில் மிதமான ஒலியில் கேட்கும்போது அதில் ஒரு சிறு பகுதியே கிட்டும். 14 கிலோ எடைக்கும், பெட்டியின் இருபுறமும் சீப்புப் பல்லைப்போல நீட்டிக்கொண்டிருந்த அலுமினியத் தகடுகளுக்கும் இந்த வெப்பமே காரணம்.

டி வகுப்பில் டிரான்சிஸ்டர் பாதி திறந்து நிற்பதே இல்லை. ஒன்று முழுமையாகத் திறந்திருக்கும், இல்லையேல் முழுமையாக மூடியிருக்கும். இரு நிலைகளிலும் அதில் வீணாகும் ஆற்றல் மிகக் குறைவு. ஒரு நொடிக்குச் சுமார் 4,00,000 முறை இவ்வாறு திறந்து மூடும்போது, திறந்திருக்கும் நேரத்திற்கும் மூடியிருக்கும் நேரத்திற்கும் உள்ள விகிதம் இசையின் ஏற்ற இறக்கத்தைப் பின்பற்றி மாறுகிறது. குழாயைப் படபடவென்று திறந்து மூடி, அடியில் துளையிட்ட வாளி ஒன்றில் நீரை விழச் செய்தால், துளையின் வழியே நீர் சீராகத்தானே ஒழுகும்? இங்கே வாளியின் வேலையைச் செய்வது, வெளியீட்டில் உள்ள ஒரு கம்பிச்சுருளும் ஒரு மின்தேக்கியும் சேர்ந்த வடிகட்டி. அது அதிவேகத் துடிப்பை விழுங்கி, இசையை மட்டும் ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. பயனுறுதிறன் 90 விழுக்காட்டை எட்டுகிறது.

ஒரு பிழைபட்ட கருத்தை இங்கேயே நீக்கிவிடலாம். டி என்பது டிஜிட்டல் என்பதன் சுருக்கம் அன்று. ஏ, பி, சி ஆகியவற்றை முன்னரே வேறு முறைகளுக்குச் சூட்டிவிட்டதால் அடுத்த எழுத்தாக வந்தது அது, அவ்வளவே. இம்முறையில் எண்களாக மாற்றுதல் கட்டாயமன்று. துடிப்பின் அகலம் எந்த அளவாகவும் தொடர்ச்சியாக மாறலாம். ‘டிஜிட்டல் ஆம்ப்ளிஃபையர்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டு விற்பவர்கள் இதைப் பொருட்படுத்துவதில்லை.

அவப்பெயர் வந்த வழி

இந்த எண்ணம் புதியதன்று. 1964இல் இங்கிலாந்தில் கிளைவ் சின்கிளேர் எக்ஸ்-10 என்ற டி வகுப்பு ஆம்ப்ளிஃபையரை, வாங்குபவரே பொருத்திக்கொள்ளும் பாகங்களாக விற்றார். பத்து வாட் என்று விளம்பரம். அதில் கால் பங்களவே உண்மையில் கிட்டியது. அக்கால ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களுக்கு அவ்வளவு விரைவாகத் திறந்து மூடும் வலிமை இல்லை; அண்டை அயலாரின் வானொலியிலும் அது இரைச்சலை உண்டாக்கியது. 1970களின் இறுதியில் சோனி நிறுவனம் டிஏ-என்88 என்ற ஆம்ப்ளிஃபையரை வெளியிட்டது. அதுவும் பரவவில்லை. மாஸ்ஃபெட் எனப்படும் விரைவான மின்திறன் டிரான்சிஸ்டர்கள் மலிவான பிறகே வழி திறந்தது.

ஆனால் விரைவான டிரான்சிஸ்டர் மட்டும் போதாது. தொடக்கக்கால டி வகுப்பைக் குறைகூறியவர்களின் காது பொய் சொல்லவில்லை என்றே நாங்கள் கருதுகிறோம். அவர்கள் கேட்ட குறைகளுக்குத் திட்டவட்டமான காரணங்கள் இருந்தன. மேலும் கீழுமாக இணைந்த இரு டிரான்சிஸ்டர்களும் ஒரே கணத்தில் திறந்திருந்தால் மின்னோட்டம் நேராகப் பாய்ந்து இரண்டும் எரிந்துவிடும். அதைத் தடுக்க, இரண்டும் மூடியிருக்கும் ஒரு நுண்ணிய இடைவெளியை வடிவமைப்பாளர்கள் விட்டனர். அந்த இடைவெளி மிகுந்தால் இசையின் மென்மையான பகுதிகளில் திரிபு கேட்கும். அடுத்தது மின்வழங்கி. எளிமையான வடிவமைப்பில் வெளியீட்டின் உயரம் மின்வழங்கியின் மின்னழுத்தத்தையே நேரடியாகச் சார்ந்திருப்பதால், வழங்கியில் தோன்றும் ஒவ்வொரு சலனமும் இசையில் கலந்துவிடும்.

மூன்றாவது குறைதான் எங்கள் கதைக்கு இன்றியமையாதது. மேலே சொன்ன வாளியின் துளையை ஸ்பீக்கர்தான் தீர்மானிக்கிறது. ஸ்பீக்கரின் மின்தடை என்று பெட்டியின் பின்னால் 8 ஓம் என அச்சிட்டிருந்தாலும், அது எல்லா அதிர்வெண்களுக்கும் ஒரே அளவாக இருப்பதில்லை. உச்ச ஸ்வரங்களில் பெரும்பாலும் உயர்ந்துவிடும். 4 ஓமுக்கென வடிவமைத்த வடிகட்டியின் முன் அத்தகைய ஸ்பீக்கரை வைத்தால், கேட்கும் எல்லையின் மேல்முனையில் ஒலி தானாகவே சற்றுத் தூக்கலாகிவிடும். அதாவது, ஒரே ஆம்ப்ளிஃபையர் ஒரு வீட்டில் இனிமையாகவும் இன்னொரு வீட்டில் கூச்சமாகவும் ஒலிக்கக்கூடும். இருவரும் தத்தம் அனுபவத்தைச் சொல்லி வாதிட்டால் இருவர் சொல்வதும் மெய்யே.

இதற்கான தீர்வு, வடிகட்டிக்கு முன்னர் எடுத்துவந்த பின்னூட்டத்தை வடிகட்டிக்குப் பின்னர், ஸ்பீக்கர் முனையிலேயே எடுப்பது. சொல்வது எளிது, நிலைகுலையாமல் செய்வது கடினம். டென்மார்க்கில் கார்ஸ்டன் நீல்சன் செய்த ஆய்விலிருந்து 1999இல் ஐஸ்பவர் நிறுவனம் பிறந்தது. ஃபிலிப்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய பெல்ஜிய நாட்டுப் பொறியாளர் புரூனோ புட்சேஸ் யூசிடி என்ற முறையை உருவாக்கினார். பின்னர் ஹைபெக்ஸ் நிறுவனத்தில் என்கோர், அதன் பிறகு ப்யூரிஃபை நிறுவனத்தில் ஐகன்டாக்ட் என அதையே மேன்மேலும் செம்மைப்படுத்தினார். இன்று இவ்வகைப் பலகைகளின் திரிபு 0.001 விழுக்காட்டுக்கும் கீழே அளக்கப்படுகிறது. அப்பாவின் காலத்து மரபான ஆம்ப்ளிஃபையர்களுள் இந்த அளவை எட்டியவை மிக அரிது.

மலிவான சந்தைக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆத்யா திரிபாதி அமெரிக்காவில் நிறுவிய டிரைபாத் நிறுவனத்தின் சில்லுகள், விளையாட்டுப் பொருள் விலையில் விற்ற சிறு ஆம்ப்ளிஃபையர்களில் இடம்பெற்று இசை ஆர்வலர்களை வியக்க வைத்தன. அந்நிறுவனம் 2007இல் நொடித்துப்போனாலும், 2009இல் ஐ.இ.இ.இ. ஸ்பெக்ட்ரம் இதழ் உலகை உலுக்கிய 25 சில்லுகளைப் பட்டியலிட்டபோது டிரைபாத்தின் டிஏ2020 அதில் இருந்தது. இப்போது அந்த இடத்தைப் பெரும்பாலும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் போன்ற நிறுவனங்களின் சில்லுகள் பிடித்துக்கொண்டுள்ளன. உங்கள் தொலைக்காட்சி, கைபேசி, காரின் இசைக்கருவி ஆகியவற்றில் பெரும்பாலும் டி வகுப்புதான் ஓடிக்கொண்டிருக்கிறது. திருமணக் கூடத்தில் ஒருவரே ஒரு கையால் தூக்கிவரும் பெரும் ஆம்ப்ளிஃபையரும் அதுவே.

வாங்கியதும் வருந்தியதும்

மெக்கானிக்கின் மேசையில் கண்டதைப் போன்ற சிறு பெட்டி ஒன்றை இணையவழிக் கடையில் ரூ.5,800க்கு வாங்கினோம். பெயர் வேண்டாம், அதுபோன்றவை நூறு பெயர்களில் விற்கின்றன. பழைய ஸ்பீக்கர்களோடு இணைத்தோம். அம்மா மறுநாள் விடியலில் ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு நிறுத்திவிட்டார்.

“அவர் கேட்ட மாதிரி இல்லையே இது” என்றார்.

பதினாறு வயதான எங்கள் மகளுக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அவள் சொன்ன காரணம் வேறு. ஜால்ரா ஒலிக்கும்போதெல்லாம் பல் கூசுவதுபோல இருக்கிறது என்றாள். அம்மாவோ ஜால்ராவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. குரலில் கனமில்லை, மிருதங்கத்தின் தொப்பி கேட்கவேயில்லை என்றார். ஒரே கருவியைப் பற்றி ஒரே வீட்டில் எழுந்த இவ்விரு குறைகளும் வெவ்வேறானவை என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை. டி வகுப்பு என்றால் இப்படித்தான் என்று முடிவுகட்டிவிட்டோம்.

மெக்கானிக் அதை ஏற்கவில்லை. பழைய ஆம்ப்ளிஃபையரைத் தற்காலிகமாகச் சரிசெய்து கொடுத்த அவர், பக்கத்தில் வைத்துக் கேட்டுப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்றார். நண்பர் ஒருவரிடம் ரூ.22,000 மதிப்புள்ள, வடிகட்டிக்குப் பின்னர் பின்னூட்டம் எடுக்கும் டி வகுப்பு ஆம்ப்ளிஃபையர் இருந்தது. அதையும் இரண்டு வாரங்களுக்கு இரவல் பெற்றோம்.

மூன்று ஆம்ப்ளிஃபையர்கள், ஒரே சோடி ஸ்பீக்கர். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற ஒரு சுவிட்சைப் பொருத்தி, கறுப்புக் கம்பிகளை எல்லாம் ஒன்றாக முறுக்கிவைத்திருந்தோம். அதைப் பார்த்த மெக்கானிக் எங்கள் கையைப் பிடித்துத் தடுத்தார். மரபான ஆம்ப்ளிஃபையரில் கறுப்பு முனை பொதுவாகத் தரையோடு இணைந்திருக்கும். ஆனால் இச்சிறு ஆம்ப்ளிஃபையர்களில் பெரும்பாலானவை பாலம் போன்ற அமைப்புடையவை. சிவப்பு, கறுப்பு இரண்டு முனைகளுமே உயிருள்ளவை. கறுப்பை மற்றொன்றின் கறுப்போடு சேர்த்தால் சில்லு எரிந்துபோகும். இரு கம்பிகளையும் ஒருசேர மாற்றும் சுவிட்சை அவரே செய்து கொடுத்தார். வீட்டில் இப்படி ஒப்பிட நினைப்பவர்கள் இதை மறக்க வேண்டாம்.

ஒலியளவைச் சமன்செய்வதும் அவர் கற்றுக்கொடுத்ததே. 400 ஹெர்ட்ஸ் ஒற்றை ஸ்வரத்தை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை வைத்து, மூன்று ஆம்ப்ளிஃபையர்களிலும் ஒரே மின்னழுத்தம் வரும்வரை குமிழைத் திருப்ப வேண்டும். இது வீண் சம்பிரதாயமன்று. சமன்செய்யாமல் நாங்கள் செய்த முதல் ஒப்பீட்டில், எது இம்மியளவு உரக்க ஒலித்ததோ அதுவே ‘தெளிவாகவும் நெருக்கமாகவும்’ இருப்பதாக எல்லோரும் சொன்னோம். எந்தப் பெட்டியை உரக்க வைத்தாலும் அதுவே வென்றது. கடையில் விற்பனையாளர் எந்தக் குமிழை எவ்வளவு திருப்புகிறார் என்று அன்றுமுதல் நாங்கள் கவனிக்கத் தொடங்கியிருக்கிறோம்.

அடுத்து அவர், பழைய ஆம்ப்ளிஃபையரின் முகப்பில் இருந்த பொத்தான்களையெல்லாம் நடுநிலைக்குக் கொண்டுவரச் சொன்னார். அவற்றுள் ஒன்று உள்ளே அமுங்கியே இருந்தது. மேலே இருந்த எழுத்து தேய்ந்து அழிந்துவிட்டது. எங்களுள் ஒருவருக்கும் அது என்னவென்று தெரியாது. மெக்கானிக்குக்குத் தெரிந்திருந்தது. அது ‘லவுட்னஸ்’ பொத்தான்.

ஒலியைக் குறைத்துக் கேட்கும்போது, கீழ் ஸ்வரங்களுக்குரிய நம் செவியின் கூர்மை மற்றவற்றைவிட அதிகமாகக் குறைகிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் இதை அளந்து வரைபடமாக வெளியிட்டனர். அந்தக் குறையை ஈடுசெய்யவே, மெல்லிய ஒலியில் கீழ் ஸ்வரங்களைத் தூக்கித் தரும் இப்பொத்தானை அக்கால ஆம்ப்ளிஃபையர்களில் வைத்தார்கள். பிள்ளைகள் உறங்கும் வேளையில் ஒலியைக் குறைத்துக் கேட்க வேண்டியிருந்த அப்பா, என்றோ ஒருநாள் அதை அழுத்தியிருக்கிறார். பிறகு எடுக்கவேயில்லை.

பொத்தானை விடுவித்து, அப்பாவின் ஆம்ப்ளிஃபையரிலேயே அதே பாட்டை ஓடவிட்டோம். எந்தப் பெட்டி ஓடுகிறது என்று அம்மாவுக்குச் சொல்லவில்லை.

“இதுவும் அந்தப் புதுசுதானே?” என்றார் அம்மா.

ஒன்பதும் ஆறும்

அதன் பின்னரே முறையான ஒப்பீடு தொடங்கியது. எங்களுள் ஒருவர் திரைக்குப் பின்னால் நின்று, நாணயத்தைச் சுண்டி, விழுந்த பக்கத்திற்கு ஏற்ப சுவிட்சை மாற்றினார். முதலில் பழையது, அடுத்து புதியது, மூன்றாவதாக இரண்டில் ஒன்று; மூன்றாவது எது என்று கேட்பவர் சொல்ல வேண்டும். இவ்வாறு ஒவ்வொருவருக்கும் பத்து முறை.

மலிவான பெட்டியை மகள் பத்தில் ஒன்பது முறை சரியாக அடையாளம் கண்டாள். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தால் பத்தில் ஒன்பதோ அதற்கு மேலோ சரியாக வருவதற்கான வாய்ப்பு நூற்றில் ஒன்றுதான். ஆகவே அவள் உண்மையிலேயே கேட்டிருக்கிறாள். எங்கள் ஸ்பீக்கர்கள் 8 ஓம். அந்தப் பெட்டியின் வடிகட்டியோ 4 ஓமுக்கென அமைந்தது. தூக்கல் விழும் இடம் கேட்கும் எல்லையின் உச்சி. பதினாறு வயதுச் செவி எட்டும் அந்த உயரம் எங்கள் செவிக்கும் அம்மாவின் செவிக்கும் எட்டுவதில்லை. நாங்கள் இருவரும் முறையே ஐந்தும் ஆறும் எடுத்தோம்.

இரவல் வாங்கிய ஆம்ப்ளிஃபையரை எவராலும் பிரித்தறிய முடியவில்லை. மகள் எடுத்தது ஆறு. பத்தில் ஆறோ அதற்கு மேலோ வெறும் ஊகத்தில் கிடைக்க நூற்றுக்கு 38 வாய்ப்பு உண்டு. அது நாணயம் சுண்டுவதை ஒத்தது. 1987 சனவரியில் அமெரிக்க ஸ்டீரியோ ரிவ்யூ இதழ் இதே போன்றதொரு தேர்வை நடத்தியது. 220 டாலர் ரிசீவரிலிருந்து 12,000 டாலர் வால்வு ஆம்ப்ளிஃபையர் வரை ஒலியளவைச் சமன்செய்து மறைவாக ஒப்பிட்டபோது, கேட்டவர்களால் நம்பகமாக வேறுபடுத்த முடியவில்லை. அன்று அங்கே ஆம்ப்ளிஃபையர்களின் விலை வேறுபட்டது. இன்று எங்கள் கூடத்தில் அவற்றின் முறையே வேறுபட்டது.

எங்கள் சோதனைக்கு எல்லை உண்டு. நால்வர், ஓர் அறை, ஒரு சோடி ஸ்பீக்கர். மின்தடை 3 ஓமுக்குக் கீழே இறங்கும் கடினமான ஸ்பீக்கர்களை வைத்திருப்பவருக்கு வேறு அனுபவம் நேரலாம். ஆனால் டி வகுப்புக்கென்று ஒரு தனிக்குரல் உண்டு என்று இனி எங்களிடம் எவரேனும் கூறினால், எந்த ஆம்ப்ளிஃபையர், எந்த ஸ்பீக்கர், ஒலியளவைச் சமன்செய்தீர்களா என்று திருப்பிக் கேட்போம்.

வாட் கணக்கும் ரூபாய்க் கணக்கும்

1990களில் டேப் ரெக்கார்டர்களின் நெற்றியில் 1000 வாட் பி.எம்.பி.ஓ. என்று ஒட்டியிருந்ததை நினைத்துப் பாருங்கள். கைப்பிடியளவு ஸ்பீக்கரிலிருந்து ஆயிரம் வாட்! அந்த வழக்கம் உருமாறி இன்றும் தொடர்கிறது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3255 சில்லை எடுத்துக்கொள்வோம். 4 ஓம் ஸ்பீக்கரில் பக்கத்திற்கு 315 வாட் என்பது 10 விழுக்காடு திரிபுடன். திரிபை 1 விழுக்காடாகக் குறைத்தால் 260 வாட். சில்லைச் செய்தவர்கள் தம் ஆவணத்தில் இரண்டையும் நேர்மையாகவே எழுதியிருக்கிறார்கள். விற்பவர்கள் முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். கூடவே தருகிற சிறு மின்வழங்கியால் அதில் மூன்றிலொரு பங்கைக்கூடத் தர இயலாமல் இருக்கலாம். இத்தகைய மிகைக்கூற்றுகளைக் கட்டுப்படுத்த அமெரிக்க வணிக ஆணையம் 1974லேயே விதி வகுத்தது; 2024இல் அதைத் திருத்தி, 8 ஓம், 1 விழுக்காட்டுக்கும் குறைவான திரிபு என்று அளவுகோலையும் நிறுவியது. நம் சந்தையில் இதை நாமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது: எத்தனை ஓமில், எவ்வளவு திரிபில், எத்தனை வாட்?

உண்மையில் வீட்டிற்கு வேண்டியது மிகக் குறைவு. சாதாரண ஸ்பீக்கர் ஒன்று ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தொலைவில், 88 டெசிபல் ஒலிக்கும். அதுவே உரத்த ஒலி. பத்து வாட்டுக்கு 98 டெசிபல். வாட்டை இரு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. ஆகவே 50 வாட்டை விட்டு 100 வாட்டுக்காக இரட்டை விலை கொடுப்பவர் வாங்குவது அந்த மூன்றைத்தான்.

மின்கட்டணச் சேமிப்பு என்ற விளம்பரத்தையும் கணக்கிட்டுப் பார்த்தோம். பழைய ஆம்ப்ளிஃபையர் பாடாமல் சும்மா இருக்கும்போதே 48 வாட் இழுத்தது. புதியது 9 வாட். நாள்தோறும் நான்கு மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு முறையே 70 யூனிட்டும் 13 யூனிட்டும் ஆகும். யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தால் ஆண்டுச் சேமிப்பு ரூ.456. ரூ.22,000 முதலீடு திரும்ப 48 ஆண்டுகள் பிடிக்கும்! நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஆம்ப்ளிஃபையரை மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக மாற்ற வேண்டியதில்லை. மாதத் தவணையில் வாங்கி மாற்றுவது அதைவிடத் தேவையற்றது. நாகபுரிக் கோடையில் கூடத்தில் ஓர் அடுப்பு குறைந்தது என்ற நன்மையை மட்டும் ஒப்புக்கொள்கிறோம்.

பழுதுபார்ப்பு என்ற கணக்கும் இருக்கிறது. அப்பாவின் ஆம்ப்ளிஃபையரை முப்பது ஆண்டுகளில் நான்கு முறை திறந்து சரிசெய்தார்கள். புதியதன் பலகையில் உள்ள பாகங்கள் கடுகளவே உள்ளன. எரிந்தால் பலகையையே மாற்ற வேண்டிவரும். ஆகவே நாட்டுக்குள்ளேயே உத்தரவாதச் சேவை கிடைக்கிறதா என்று கேட்டு வாங்குவது நல்லது. தனியாக வரும் அடாப்டரில் பி.ஐ.எஸ். பதிவு எண் அச்சிட்டிருக்கிறதா என்றும் புரட்டிப் பார்க்க வேண்டும். எங்கள் ரூ.5,800 பெட்டியோடு வந்ததில் அது இல்லை.

இரவல் வாங்கிய அதே ஆம்ப்ளிஃபையரைச் சேமிப்பிலிருந்து வாங்கிவிட்டோம். அதன் முகப்பில் கீழ் ஸ்வரத்திற்கென ஒரு குமிழ் இருக்கிறது. அம்மா கூடத்தில் அமர்ந்து சொல்லச் சொல்ல, குமிழைச் சிறிது சிறிதாகத் திருப்பினோம். ஓரிடத்தில் போதும் என்றார். அந்த இடத்தில் அவரே ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவைத்திருக்கிறார். இரவில் மகள் தன் பாட்டுக்காக மாற்றினாலும் காலையில் பழைய இடத்திற்குத் திருப்பிக்கொள்கிறார்.

ஒரு சிக்கல் மட்டும் இன்னும் முழுமையாகத் தீரவில்லை. ஆம்ப்ளிஃபையர் ஓடும்போது, அருகில் இருக்கும் அம்மாவின் டிரான்சிஸ்டர் வானொலியில் ஆகாசவாணியின் மத்திய அலை இரைகிறது. சின்கிளேர் காலத்துக் குறையின் எச்சம் இது. 400 கிலோஹெர்ட்ஸில் திறந்து மூடும் கருவியின் இரண்டாம், மூன்றாம் மடங்குகளாகிய 800ம் 1,200ம் மத்திய அலைக்குள்ளேயே விழுகின்றன. இதைத் தவிர்க்க, திறந்து மூடும் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதியைச் சில சில்லுகளில் வைத்திருக்கிறார்கள். எங்களுடையதில் அத்தகைய சுவிட்ச் ஏதும் இல்லை. ஸ்பீக்கர் கம்பிகளைக் குட்டையாக்கியபோது இரைச்சல் பாதியாகக் குறைந்தது. இப்போதைக்கு வானொலி சமையலறை அலமாரிக்குக் குடிபோயிருக்கிறது. அங்கே ஆறரை மணிச் செய்தி தெளிவாகக் கேட்கிறது.